முந்நூற்று முப்பத்தொன்பது

விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி:
இதுவரை ஏறிய அதிகபட்ச உயரம்?
அழகர்மலை, ராக்காயி அம்மன் கோயில் வரை
என்று எழுதினேன்.
பஸ்ஸில் போனதை எழுதவில்லை.
எட்டாவது: அனுபவித்த கடுங்குளிர்?
கொடைக்கானல். சித்தி மகள் நிச்சயதார்த்தம்.
இரண்டு கம்பளி கேட்டு வாங்கியும்
விடியும்வரை பல் தந்தியடித்தது.
ஒன்பதாவது: ஏன் வர விரும்புகிறீர்கள்?
ஆறு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.
நானும் விட்டுவைத்தேன்.

புரட்டாசி. பொன்னுருகக் காய்கிறது.
தெற்குமாசி வீதிக் கடையில்
லென்ஸ் தேய்க்கிற கல்லுக்கு விடும் தண்ணீரே
வெந்நீராய் இறங்குகிறது.
ஸ்வெட்டர் கேட்டேன், விளக்குத்தூண் பக்கம்.
ஜவுளிக்கடைப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்து
"உடம்பு எதுவும் சரியில்லையாக்கா?" என்றான்.
மலைநாட்டிலிருந்து ஸ்வெட்டர் விற்க வருகிறவர்கள்
ஐப்பசி தாண்டித்தான் இங்கே கூடாரம் போடுவார்கள்.
அவர்கள் இறங்கி வரும் பாதையில்
நான் ஏறிப் போய்க்கொண்டிருப்பேன்.

முகாமிலிருந்து வந்த கடிதம்:
லடாக்கில் பாதை மூடும்முன் கடைசிக் கிராமம் இது.
உலோக பிரேம் வேண்டாம்,
தை மாதக் குளிரில் கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும்.
ஆறே உறைந்துபோய் அதன்மேல் நடப்பார்கள்.
கடைசி வரியை மட்டும்
வைகைப் பாலத்தில் நின்று இன்னொரு தடவை படித்தேன்.
கீழே ஆற்றுக்குள்
இரண்டு பேர் பைக்கை நிறுத்திவிட்டுப்
பேசிக்கொண்டிருந்தார்கள்.

கூரியரில் வந்ததையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் போட்டு
கரிமேட்டில் மீன் கம்பெனி வைத்திருக்கும்
மொக்கச்சாமி அண்ணனிடம் போய் நின்றேன்.
"மைனஸ் பதினெட்டு. பத்து நிமிசத்துல கதவைத் தட்டு பூமயிலு."
சீலாவும் பாறையும் அடுக்கிய அறையில்
கண் திறந்த மீன்களுக்கு நடுவே
உள்ளங்கையைத் தேய்த்தபடி
நான் கற்ற ஒரே ஒரு லடாக்கி வார்த்தையைச்
சொல்லிப் பார்த்தேன்: ஜூலே.
வணக்கத்துக்கும் நன்றிக்கும் போய்வருகிறேனுக்கும்
அந்த ஒன்றே போதுமாம்.
மூன்றாவது ஜூலேயில் உதடு மரத்துவிட்டது.

பதினோரு நிமிடம் தாங்கினேன்.

வெளியே காலெடுத்து வைத்த நொடியில்
மூக்குக்கண்ணாடி பாலாய் வெளுத்தது.
ஊருக்கே கண்ணாடி மாட்டுகிறவள்
நடுத்தெருவில் ஒன்றும் தெரியாமல் நின்றேன்.
கத்தி விழும் சத்தம். ஆட்டோ ஹாரன்.
யாரோ முழங்கையைப் பிடித்தார்கள்:
"இடது பக்கம் சாக்கடை. காலைத் தூக்கி வைங்க.
இன்னும் ரெண்டு எட்டு. அவ்வளவுதான்."
வெண்மை வடிந்தபோது ஆள் இல்லை.
முழங்கையில் இரண்டு மீன் செதில்
ஒட்டியிருந்தது.

ராத்திரி மாடியில் பெட்டி கட்டினேன்.
முந்நூற்று நாற்பது கண்ணாடிகள்,
பவர்வாரியாக, பழைய துணியில் சுற்றி.
படிக்கத் தெரியாதவர்களுக்கான அட்டையைத்
தண்ணீர்த் தொட்டியில் ஒட்டினேன்.
அதில் ஒரே எழுத்துதான்,
மூன்று காலோடு எல்லாப் பக்கமும் திரும்பி நிற்கும்.
கால் எந்தப் பக்கமென்று விரலால் காட்டினால் போதும்.
சும்மா பழகிப் பார்க்க பால்துரையை உட்காரவைத்தேன்.
மேலே, என்றார். சரி.
வலது. சரி.
நாலாவது வரியில் கீழே என்றார்.
அது இடது.
ஐந்தாவது வரியில்,
"எழுத்து எங்க இருக்கு?"

பதினாறு வருடமாகத் திருமங்கலத்துக்கு மினிபஸ் ஓட்டுகிறவர்.
"நான் அட்டையைப் பார்த்தா ஓட்டுறேன்?
ரோட்டைப் பார்த்துத்தான ஓட்டுறேன்."
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
சுற்றிக் கட்டியதை அவிழ்த்து
மைனஸ் ஒன்றேகால் எடுத்து மாட்டினேன்.
எழுந்து போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார்.
தெருமுனை டீக்கடைப் பலகையை
எழுத்துக்கூட்டி வாசித்தார்.
"இதுவா அந்தக் கடைப் பேரு?"
கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஒன்பதாவது கேள்வி அப்படியே கிடக்கிறது.
சரக்குப் பட்டியலில் மட்டும்
நாற்பதை அடித்து முப்பத்தொன்பதாக்கிப்
பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன்.
குறைவுக்குக் காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
ஓட்டுநர் ஒருவர். மதுரை.